எங்கள் பட்டறைத் திரையில் கலர் போன வாரம்

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் இந்த ஆள் யார், இவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கக் கூடாது.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள், மழை பெய்தால் ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே, அடுத்தவர் ஓட்டி ஓட்டி ஓரங்கட்டிய ஒரு லேத்தை வாங்கிப் போட்டு பட்டறை கட்டினேன். அழகர்கோவில் ரோட்டில் கருவேல முள் மண்டிக் கிடந்த இடத்தில் ஷெட் போட்டேன். அங்கே தண்ணீர் வரவே வராது என்றார்கள். போர் போட்டேன், வந்தது. வராது என்று சொன்னவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் என் தண்ணீர்தான் போனது. ஷெட் வாசலில் டவுன் பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர்களோடு மல்லுக்கட்டி நிற்க வைத்தேன். மாடி வைத்து வீடு கட்டினேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல இரும்பைச் சீவுகிற மெஷினை, எங்கள் ரோட்டில் வேறு எவனும் நினைத்துப் பார்க்காத காலத்தில், இறக்கிக் காட்டினேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் இம்புட்டையும் செய்தேன்.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர வேண்டும். என் மருமகள் செய்த கலர் பிளகின். அது செத்துக் கிடந்தபோது அதை எழுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இரும்பைச் சீவுகிற அந்தப் பெரிய மெஷினுக்கு, இங்கே போ, இவ்வளவு சீவு, திரும்பி வா என்று எல்லாவற்றையும் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். வரி வரியாக எழுத்தும் எண்ணும். பட்டறை ஓரத்துக் கண்ணாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை அடித்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷினுக்குக் கொண்டுபோவோம். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சும்மா வேகமாக நகர்ந்து போ என்பதற்கு ஒரு எண். சீவிக்கொண்டே மெதுவாகப் போ என்பதற்கு இன்னொரு எண். முன்னது பூஜ்யம், பின்னது ஒன்று. அம்புட்டுத்தான் வித்தியாசம். பூஜ்யம் விழ வேண்டிய இடத்தில் ஒன்று விழுந்தால் நேரம்தான் போகும். ஒன்று விழ வேண்டிய இடத்தில் பூஜ்யம் விழுந்துவிட்டால் சீவுகிற டூல் பறந்து போய் இரும்பில் முட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அன்றைக்குச் சோறு தின்ன மாட்டான்.

அந்த மெஷினை ஓட்டுகிறவன் என் பழைய கூட்டாளி. சிம்மக்கல் சந்திலிருந்து என்னோடு இருக்கிறவன். உறவு கிடையாது, ஆனால் நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். கை லேத்தில் அவன் நின்றால் இரும்பு வெண்ணெய் மாதிரி வழியும். கம்ப்யூட்டர் மெஷினையும் ஐம்பது வயதைத் தாண்டித்தான் கற்றுக்கொண்டான். ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அடுக்கடுக்காக இறங்கும்போது அவன் கண் தடுமாறிவிடும். அதைப் பார்த்துத்தான் என் மருமகள் அந்த பிளகினைச் செய்தாள். அவள் வீட்டு மாடியில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவள். புரோகிராம் எழுதுவதற்கென்றே இருக்கும் எடிட்டரில் ஒட்டுச் சாமான் மாதிரி அதைப் போட்டுக் கொடுத்தாள். வேகமாக நகர்கிற வரி எல்லாம் சிவப்பு. சீவுகிற வரி எல்லாம் பச்சை. சுற்றுகிற வேகம் மஞ்சள்.

“அண்ணே, செவப்புன்னா பறக்கும், பச்சைன்னா அறுக்கும். இனிமே நான் எங்கண்ணே தப்பு விடப்போறேன்?” என்றான் மாப்ள. அதற்குப் பிறகு அவன் தப்பு விடவும் இல்லை. இன்னும் ஊரில் நாலு பட்டறைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவளும் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி நெட்டில் ஏற்றிவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை என்றால் நான்தான் முன்னால் நிற்பேன். மெஷினுக்கு எல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. கம்ப்யூட்டருக்கும் உண்டு. அன்றைக்கு அதன் முன்னால் நின்று கும்பிடும்போது ஒன்று என் கண்ணில் பட்டது. எங்கள் பில் தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கிறது. கல்லாப்பெட்டியில் இருக்கிறது. சாமான் வாங்கிவரச் சொல்லிக் கிழித்துக் கொடுக்கிற துண்டுச் சீட்டில்கூட இருக்கிறது. இரும்பை ஓட்டுகிற எழுத்துக்கு மட்டும் தலை மொட்டையாக இருக்கிறது, ஒரு சதவீதக் குறி போட்டு அதுபாட்டுக்கு ஆரம்பிக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இனிமேல் எழுதுகிற புதுப் புரோகிராம் ஒவ்வொன்றிலும் முதல் வரியில் உ போட்டுவிட்டு அப்புறம் எழுது என்று மாப்ளையிடம் சொல்லிவிட்டேன். பில் போடுவதற்காகத் தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் முன்னமே இருந்தது. அந்தச் சதவீதக் குறிக்கு முன்னால் எதை எழுதினாலும் மெஷின் கண்டுகொள்ளாது என்று அவனும் சொன்னான். சரி என்று தலையாட்டினான். அதோடு அந்தப் பேச்சை எல்லாரும் மறந்துவிட்டோம்.

பூஜைக்கு அப்புறம் முதல் புது வேலையாக, பம்புசெட் கம்பெனி ஒன்றிலிருந்து ஷாப்ட், அதாவது பம்புக்குள் சுற்றுகிற தண்டு, செய்கிற வேலை வந்த அன்றைக்குத்தான் மாப்ள என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, இங்கிட்டு வாங்களேன். கலரைக் காணோம்.”

போய்ப் பார்த்தேன். புரோகிராம் முழுக்க வெள்ளை. ஒரு சிவப்பு இல்லை, ஒரு பச்சை இல்லை. பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்தான். அதில் கலர் ஜம்மென்று இருந்தது. புதிதாக அடித்ததில் மட்டும் இல்லை.

மருமகளுக்குப் போன் போட்டோம். அவள் எடிட்டர் புது வெர்ஷனுக்கு மாறியிருக்கிறதா என்று கேட்டாள். மாறித்தான் இருந்தது. பூஜைக்கு மறுநாள், பட்டறையை இப்போது நடத்துகிற என் மகன் பில் அனுப்புவதற்காகத் தன் செல்லிலிருந்து நெட் கொடுத்திருந்தான், அந்த நேரத்தில் அது தானாக மாறிக்கொண்டது. “அப்ப அதுதான் மாமா, பாத்துக்கிறேன்” என்றாள். எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. பிளகினைக் கழற்றி மாட்டச் சொன்னாள். மாட்டினான், வரவில்லை. பழைய எடிட்டரையே திரும்பப் போடச் சொன்னாள். அதுவும் போட்டாயிற்று, வரவில்லை.

என் மகனுக்கு எப்போதும் கிண்டல்தான். “சந்தனத்தை மானிட்டர் மேல அப்பி வச்சா கலர் எப்பிடிப்பா வரும்? பொங்கலையும் கொஞ்சம் கீபோர்டுல ஊட்டி விட்டீங்களா?”

“நீ பேசாம இருடா. சந்தனம் வச்சுத்தான் நீ படிச்ச பீஸைக் கட்டுனேன்” என்றேன். அவன் சிரித்தான்.

அவனுடைய சிரிப்பு ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. வெள்ளை எழுத்திலேயே வேலையை ஓட்டலாம் என்று மாப்ள பார்த்தான். பச்சை வர வேண்டிய இடத்தில் பூஜ்யத்தை அடித்துவிட்டான். டூல் பாய்ந்து போய் ஷாப்டில் முட்டியது. டூல் முனை தெறித்து கண்ணாடிக் கதவில் பட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மெஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மகன் என்னை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

“அப்பா, இது விளையாட்டு இல்ல. அந்த முனை மூஞ்சில பட்டிருந்தா? டிப்ளமா முடிச்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டேன். கலர் வந்தா சரி. வரலைன்னா மெஷின்ல அவருதான் நிப்பாரு.”

“அப்ப மாப்ள?”

“அவரு பேக்கிங் பாக்கட்டும். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. நானே முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இரும்பைத் தொட்டு வாழ்ந்தவனை அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்தால் சம்பளம் அவனுக்கு என்ன செய்யும்? கதவைச் சாத்தினால் என்ன, கண்ணாடி அறைதானே. வெளியிலிருந்து மாப்ள எங்கள் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

அன்றைக்கு மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“என்ன மாப்ள, சோத்துக்கும் கலர் அடிக்கணுமா?”

“பேக்கிங்கும் ஒரு வேலைதானண்ணே” என்றான். அவன் அப்படி அடங்கிப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னையே எதிர்த்துக் கத்துகிறவன் அவன்.

மருமகளுக்கும் தூக்கம் இல்லை. தான் செய்த பொருளால் ஒரு மனுஷன் வேலையிலிருந்து இறங்குகிறான் என்றால் மனசு சும்மா இருக்குமா? கம்பெனி வேலைக்கு நடுவில் அவனிடமிருந்து புரோகிராமை வாட்ஸ்அப்பில் வாங்கி வாங்கித் தன் லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். அவளிடம் கலர் வந்தது. எத்தனை தடவை அனுப்பினாலும் அவளிடம் வந்தது, எங்களிடம் வரவில்லை.

“மாமா, எனக்குப் பைத்தியம் பிடிக்கிது. ஒரே ஃபைலு, ஒரே பிளகின். இங்க தீபாவளி மாதிரி இருக்கு, அங்க எழவு வீடு மாதிரி இருக்குன்னா என்ன அர்த்தம்?”

எனக்கு பிளகினும் தெரியாது, ஃபைலும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஒரு ஷாப்ட் சரியாக இருக்கிறது, இன்னொன்று சரியில்லை என்றால் போனில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ரெண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்ப்போம். பட்டறையில் நான் முதல் நாளில் கற்றது அது. “ஆத்தா, லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு இங்கன வா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்” என்றேன்.

“அங்க வந்தாலும் அதேதான் மாமா இருக்கும்.”

“இருக்கட்டும். நான் பாக்கணும்.”

சனிக்கிழமை அவளுக்கு லீவு. காலையிலேயே வண்டியில் வந்து இறங்கினாள். லேப்டாப்பை எங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். ரெண்டிலும் அந்த பம்புசெட் ஷாப்ட் புரோகிராம். லேப்டாப்பில் பச்சையும் சிவப்பும், எங்களதில் வெறும் வெள்ளை. அவள் செட்டிங்ஸ் என்று எதையோ திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போனாள். மாப்ள கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மகனும் டீ கிளாஸோடு வந்து வாசலில் சாய்ந்தான்.

நான் அவர்கள் பார்க்கிற இடத்தைப் பார்க்கவில்லை. ஷாப்டைப் பார்க்கிற மாதிரி ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

“என்னத்தா, ஒன்னோடதுல பிள்ளையாரக் காணோம்?”

“என்ன மாமா?”

“இந்தா, எங்களோடதுல தலையில சுழி இருக்கு. ஒன்னோடது மொட்டையா இருக்கு. ஒரே ஃபைலுன்னு சொன்ன?”

அவள் எங்கள் திரைக்கு நேராகக் குனிந்தாள். “இது என்ன உ?”

“பிள்ளையார் சுழி. ஆயுத பூஜையில இருந்து போடுறோம்.”

அவள் மாப்ளையைப் பார்த்தாள். “சித்தப்பா, எனக்கு அனுப்புனதுல இது இல்லையே?”

மாப்ள தலையைச் சொறிந்தான். “நீ புரோகிராமைத்தான கேட்ட? சாமியப் போயி எப்பிடித்தா வாட்ஸ்அப்புல அனுப்புறது? சோதிச்சுப் பாக்குறேன்னு நீ அதை வெட்டுவ, ஒட்டுவ, அழிச்சுப் போடுவ. பாவம் நமக்குத்தான. அதான் அதுக்குக் கீழ இருந்து மட்டும் எடுத்து அனுப்புனேன்.”

மகனுக்கு டீ புரையேறிவிட்டது. மருமகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் எங்களுக்கு விளக்கினாள். மெஷின் புரோகிராமுக்கு மற்ற ஃபைல் மாதிரி பேருக்குப் பின்னால் புள்ளி வைத்து வால் கிடையாதாம். அதனால் இது இன்ன ஜாதி எழுத்து என்று கண்டுபிடிக்க பிளகின் முதல் வரியை எட்டிப் பார்க்குமாம். அங்கே சதவீதக் குறி நின்றால் நம்ம ஆள் என்று உள்ளே வந்து கலர் அடிக்கும். வேறு எது நின்றாலும் வாசலோடு திரும்பிவிடும்.

“நிச்சயம் பண்ணிக்கணும் மாமா. அந்த வரியை ஒரு தடவை அழிச்சுப் பாக்கலாமா?”

யாரும் கையை நீட்டவில்லை. மாப்ள ரெண்டு அடி பின்னால் போய்விட்டான். என் மகன், இன்ஜினியர், டீ கிளாஸைப் பார்த்தான். போடச் சொன்னவன் நான், அழிக்கவும் நான்தான் வர வேண்டும். செருப்பைக் கழற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “அப்பனே, உன் பிள்ளை ஒருத்தனுக்காகத்தான்” என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, மருமகள் காட்டிய பொத்தானை அழுத்தினேன். சேமித்து, மூடி, திரும்பத் திறக்கச் சொன்னாள்.

திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இறங்கியது.

“அண்ணே!” என்று மாப்ள போட்ட சத்தத்தில் ஷெட்டின் அந்தக் கடைசியில் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். வெல்டிங் ஆட்களில் ஒருத்தன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மகன் சொன்னான்: “அதான் தெரிஞ்சிருச்சே. இனிமே சுழி வேணாம்னு விட்டுரலாம்.”

“அது எப்பிடிடா விடுறது?” என்றேன். “ஒரு எழுத்தைப் பாத்து உள்ள வர மாட்டேன்னு ஒரு பிளகின் அடம் பிடிச்சா, நான் பிள்ளையாரை வெளிய அனுப்பணுமா?”

நான் பிடிவாதத்துக்குப் பேசுகிறேன் என்று அவன் நினைத்தான். ஆனால் மருமகள் என் பக்கம் வந்தாள். “மாமா சொல்றதுதான் சரி. குறிக்கு முன்னால என்ன இருந்தாலும் மெஷினே கண்டுக்கிறதில்ல. மெஷின் ஏத்துக்கிறதை என் பிளகின் ஏத்துக்கலைன்னா தப்பு என் மேலதான். நான் மாத்துறேன்.”

அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். முதல் வரியில் சுழி இருந்தாலும் உள்ளே வா என்று ஒரு விதியை எழுதினாள், அவ்வளவுதான். மாப்ள முதல் வரியில் மறுபடி உ போட்டான். திறந்தான். சுழி நின்ற இடத்தில் நின்றது, அதற்குக் கீழே கலரும் நின்றது. மகன் எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தான். செல்லை எடுத்து அந்த டிப்ளமா ஆளுக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டான். “சார், திங்கக்கிழமை வேணாம். அடுத்த மெஷின் இறக்கும்போது சொல்றேன்” என்றான். அடுத்த மெஷினா என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டான். அது வேறு கதை.

அன்றைக்கு மத்தியானம் மாப்ள தன் தூக்குச்சட்டியைக் காலி பண்ணிவிட்டு என்னுடையதிலும் கையை விட்டான். “ஏன் மாப்ள, பேக்கிங்கும் ஒரு வேலைதான்னு சொன்ன?” என்று சீண்டினேன். “வேலைதான். அதுக்கு ஒங்க மகனை உக்கார வைங்க. அவருக்குக் கலர் தெரியாட்டாலும் பரவால்ல” என்றான். கத்துகிறவன் திரும்ப வந்துவிட்டான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த பிளகினை நெட்டில் வைத்திருக்கிற பக்கத்தை மருமகள் எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் என்ன மாற்றினோம் என்று கீழே ஒரு வரி எழுத வேண்டுமாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். முதல் வரியை அடையாளம் காண்பதில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டது என்று படித்துக் காட்டினாள்.

“சரிசெய்யப்பட்டதுன்னா, யாரு சரிசெஞ்சது?”

“அப்பிடித்தான் மாமா எழுதுவாங்க.”

எழுதுகிறவர்கள் எப்படியும் எழுதட்டும். சுழியைப் போடச் சொன்னவன் நான்தான், அதை மறைக்கவில்லை. நான் போடச் சொல்லவில்லை என்றால் அந்தப் பிழை அங்கே இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. நாளைக்குத் தமிழ்நாட்டில் வேறு ஒரு பட்டறையில் வேறு ஒருவன் சுழி போட்டிருப்பான், அவனுடைய ஆப்பரேட்டர் வேலை போயிருக்கும். ரெண்டையும் ஒரே மேஜையில் வைக்கச் சொன்னதும் நான். பார்த்துச் சொன்னதும் நான். அழித்துக் காட்டியதும் நான். விதியை எழுதியது அவள், அதில் பாதி பெருமை அவளுக்குத்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிச்சப் பாதி என்னுடையது.

என் கூட்டாளி இன்றைக்கும் அந்த மெஷின் முன்னால் நிற்கிறான். அவனை அங்கே நிறுத்தியதில் எனக்கு உள்ள பங்கை அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரியாக எழுத வேண்டும். ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி தமிழிலும் எழுத வேண்டும். மருமகள் பார்க்கலாம் மாமா என்கிறாள். பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். எழுது, ஆத்தா.